கோயம்புத்தூர்ல ஒரு பாட்டில் கடல்

எங்க மக சுகந்தி கோயம்புத்தூர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல கடல்பாசி வளத்தறா. கடலே இல்லாத ஊர்ல கடல்பாசியான்னு சிரிக்காதீங்க, நானும் சிரிச்சவன்தான். போன்ல "ஒண்ணொண்ணா செத்துட்டே வருதுங்கப்பா"ன்னு அவ சொன்னப்ப கொரலே சரியில்ல. அதான் இந்த ஆடியில நானும் ஊட்டுக்காரி சரசும் ஒரு எட்டு போயிட்டு வந்தோம்.

காங்கேயத்துல இருந்து போறவங்க பல்லடம் வழியா நேராப் போயிருங்க. எழுவது கிலோமீட்டருக்குப் பக்கம், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். நாங்க திருப்பூர் சுத்தி அவிநாசிக்குப் போனோம். சாமி கும்பிடாம வரமாட்டேன்னு சரசு ஒரே புடி. பாதி நாள் அங்கயே போச்சு. ஆடிக்காத்து வேற, பஸ்ஸு ஜன்னல் சாத்தவே மாட்டேங்குது, மூஞ்சி, மடியெல்லாம் மண்ணு.

"ஏனுங்கக்கா, பாதித் தோட்டத்த மடியிலயே கொண்டு போறீங்களாட்ட இருக்குது?"ன்னான் கண்டக்டரு.

"எம்பட மண்ணு. அதுக்கும் டிக்கெட்டு போடு, போ"ன்னா சரசு.

கூடத்துக்குள்ள கை கால் கழுவ வெச்சு, வெள்ளக் கோட்டும் கையுறையும் மாட்டித்தான் சுகந்தி உட்டா. உள்ள வரிசையா பாட்டிலு. கடல்தண்ணி கேன்ல வருதாமுங்க. நம்ம கொள்ளு, தட்டப்பயிறு மாதிரி இந்தப் பாசியும் தழைச்சத்த காத்துலயே எடுத்துக்குமாம். ஆனா இரும்புச்சத்தும் மணிச்சத்தும் நடுக்கடல்ல ஏது? காத்துல வர்ற மண்ணுத்தூசிய, நூல்நூலா ஒண்ணு சேந்து உருண்டையாகிப் புடிச்சு, நடுவுல உருட்டி வெச்சுக்கிட்டுத் திங்குமாம். பஞ்சத்துல பொழைக்கற சீவன். எனக்குப் பாவமாப் போச்சு.

இப்ப நம்ம வண்டிப்பொக, மில்லுப்பொக எல்லாங் கரைஞ்சு கடலுக்குப் புளிப்பு ஏறுதாம். புளிப்பு ஏற ஏற இருக்கற இரும்பும் அதுக்கு எட்டாதாம், தேவையோ அதிகமாகுமாம். அப்பவும் சமாளிக்குமான்னுதான் புளிப்புத் தண்ணியில, சத்தக் கொறச்சு வளத்திப் பாக்கறா. எல்லாஞ் செத்து ஒரே ஒரு பாட்டிலு மிச்சம்.

"இது மட்டும் தாக்குப் புடிக்குதுங்கப்பா. இதுவும் போச்சுன்னா எம்பட வேலையும் போச்சு"ன்னு மூடியத் தொறந்து காட்டுனா. வெளுத்துப்போன நூலுக நாலஞ்சு மெதந்துச்சு.

எங்கூர்ல கன்னுக்குட்டி தீனி எடுக்காட்டியும், மோட்டாரு ஓடாட்டியும் மொதல்ல திருநீறுதானுங்க. சரசு எப்ப கையுறையக் கழட்டுனா, எப்ப இடுப்புல இருந்து அவிநாசித் திருநீறுப் பொட்டலத்த எடுத்தான்னே தெரியல. "நல்லாயிரு கண்ணு"ன்னு ஒரு சிட்டிகைய பாட்டிலுக்குள்ளயே போட்டுப்போட்டா.

சுகந்தி கத்தல. மூடியத் திருகி வெச்சுப்போட்டு, "சாப்பிடப் போலாமுங்கம்மா"ன்னா.

நாலஞ்சு நாள் கழிச்சு எனக்குப் போன் பண்ணுனா. பாட்டிலு பச்சுனு ஆகிப்போச்சாம்.

"அப்ப நல்லதுதானே, அம்மிணி?"ன்னேன்.

"திருநீறு சாணிச்சாம்பலு, அது உரமுங்கப்பா. தானாச் சமாளிச்சுதா, அம்மா போட்டதத் தின்னு பொழைச்சுதான்னு இனித் தெரியவே தெரியாது. கடல்ல வந்து ஆரு போடுவாங்க? கணக்குல சேராதுங்க, கீழ ஊத்திரோணும்."

இந்த மாதிரி எடத்துக்குப் புள்ளைகளப் பாக்கப் போறவங்க நேர் பஸ்ஸுல போங்க. ஆடியில வேண்டாம். வாசல்லயே மடியில, இடுப்புல இருக்கறத எல்லாம் எடுத்து வெச்சுப்போட்டு உள்ள போங்க. கையப் பின்னால கட்டிக்கோங்க.

சரசுகிட்ட நான் ஒண்ணுஞ் சொல்லல. நேத்தும் போன்ல, "எம்பட பாசி எப்படி இருக்குது கண்ணு?"ன்னு கேட்டா.

"நல்லாருக்குதுங்கம்மா"ன்னா சுகந்தி. அதக் கீழ ஊத்தி ஒரு வாரமாச்சு.