அரைக்கட்டை ஏறிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை சாயங்காலம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? செங்கம் ரோட்டில் ஓர் ஓட்டல் மொட்டை மாடியில்... இடுப்பில் பத்து மாதப் பெண், அவள் காதில் பஞ்சு, எதிரே ஆளுயர ஸ்பீக்கர்!

பஞ்சு போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கலாமா? குழந்தையை இங்கே தூக்கி வந்ததே தப்போ? நான் தவித்துக்கொண்டிருக்க, அவளோ தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

என் தம்பி குமரன் டிஜே. சென்னைக்குப் படிக்கப் போனவன், பி.காமோடு இதையும் கற்று வந்துவிட்டான். அவன் போடுவது டெக் ஹவுஸ் என்ற வகை. பாட்டு வரி அநேகமாகக் கிடையாது, ட்ரம்ஸும் அடியில் கனமாக அதிரும் பேஸும்தான். ஒரு சிடி முடிவதற்குள் அடுத்ததை அதன் மேல் கலந்து, எங்கே மாறியது என்றே தெரியாமல் ஓட்ட வேண்டும். ஆடுகிறவர்கள் கால் நிற்கக் கூடாது!

ஓட்டல் முதலாளி சலீம் பாய் ஒரே ஒரு சாயங்காலம் கொடுத்திருந்தார். நன்றாக இருந்தால் சனிக்கிழமைதோறும் குமரன்தான். இல்லாவிட்டால்... அப்பா பார்த்து வைத்திருக்கும் உரக் கம்பெனி கணக்கு வேலை. "ஒரு தடவை விட்டுத்தான் பாருங்களேன்ப்பா" என்று அப்பாவிடம் கெஞ்சியவள் நான்.

முன்கூட்டியே வீட்டில் ஒத்திகை நடந்தது. கல்யாணத்துக்கு முன் நான் பாட்டு கற்றவள்.

"அக்கா, சுருதி சேர்ற சிடிங்களை அடுத்தடுத்து போட்டா சூப்பரா இருக்கும். எது எந்தக் கட்டைனு பார்த்துச் சொல்லு."

"பாட்டே இல்ல, இதுக்கு என்னடா சுருதி?"

"பேஸ் இருக்குதேக்கா!"

இருந்தது! ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கட்டை கண்டுபிடித்து, உறையில் எழுதி ஒட்டினேன். "இது என்னம்மா, வீட்டுக்குள்ள மாவு மில்லு?" என்றார் மாமியார். நியாயம்தான். ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

சனிக்கிழமை முதல் சிடி, அஞ்சு கட்டை. ஜம்மென்று போனது. ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் எலுமிச்சை டீயை வைத்துவிட்டு எழுந்து ஆடினார்கள். அடுத்த அஞ்சு கட்டை சிடியை அதன் மேல் கலந்தான்...

ஐயோ! தாளம் இம்மி பிசகவில்லை. ஆனால் பேஸ்? பக்கத்துப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு நாதஸ்வரம் வாசித்த மாதிரி! ஆடியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"இன்னாப்பா, செட்டு ரிப்பேரா?" என்றார் பாய்.

குமரன் சட்டென்று இரண்டாவதன் சத்தத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். நான்தானே ஒட்டினேன்? குழந்தை அழுத நேரத்தில் ஏதாவது மாற்றி எழுதிவிட்டேனா? ஓடிப்போய் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். அஞ்சரை! வீட்டில் அஞ்சாக இருந்தது எப்படி...

"டேய், இதை என்னடா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. இது மெதுவா போற ட்ராக். முதல் ட்ராக்குக்குச் சமமா ஓடணும்ல? வேகத்தை ஏத்தினேன்."

"எவ்ளோ?"

"ஜாஸ்தி இல்ல. ஆறு பர்சென்ட்."

அதுதான்! வாடகைக்கு எடுத்த பழைய பிளேயர். அதில் வேகத்தை ஏற்றினால் சுருதியும் கூடவே ஏறும். நாங்கள் வீட்டில் கட்டை பார்த்ததோ, அதனதன் சொந்த வேகத்தில்.

"அரைக்கட்டை ஏறிடுச்சுடா! இதே மாதிரி மெதுவா போறதுல நாலரைக் கட்டை இருக்கா? அதை ஏத்து, அஞ்சுல வந்து நிக்கும்!"

"முதல் ட்ராக் முடியப் போவுதுக்கா..."

"பேசாம போடுடா!"

போட்டான். வேகத்தை ஏற்றினான். கலந்தான். இரண்டு பேஸும் ஒரே பேஸாகி... எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது! உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். இடுப்பில் இருந்தவள் குதித்த குதியில் ஒரு காதுப் பஞ்சு எங்கேயோ போய்விட்டது. நான் பதறி அவள் காதைப் பொத்தினேன். ஆனால் என் காலும் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது!

கிளம்பும்போது பாய் சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே வந்துடு தம்பி."

அன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை. காலையில் வீட்டுக்காரருக்கு டிபன், மாமியாருக்குக் காபி, குழந்தைக்குக் கஞ்சி... எல்லார் வேகத்துக்கும் ஓடுகிறேன். ஓட ஓடக் குரலும் ஏறுகிறது. "ஏன் கத்துறே?" என்கிறார்கள்.

நான் எங்கே கத்துகிறேன்? நீங்கள் ஓட்டுகிற வேகம் அப்படி!