நிலவறைக்குள் இறங்காத ஜிஸ்லேன்

பிரான்சின் ஒசேர் நகரத்தைச் சுற்றிக்காட்டுவதில் ஜிஸ்லேன் பெரோவை மிஞ்ச ஆள் கிடையாது. மணிக்கூண்டில் தொடங்கி, மரச்சட்டம் போட்ட வீடுகளைக் கடந்து, ஆற்றங்கரைக்கு வருவதற்குள் கூட்டத்தில் உம்மென்று இருப்பவரையும் சிரிக்க வைத்துவிடுவாள். ஆனால் பழைய தேவாலயத்தின் நிலவறையையும் காட்ட வேண்டிய நாட்களில் காலைக் காப்பியே அவளுக்குத் தொண்டையில் இறங்காது.

சின்ன வயதில் மாமாவின் ஒயின் கிடங்கில் கண்ணாமூச்சி விளையாடியபோது, அவள் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அன்று பிடித்த பயம் ஐம்பது தாண்டியும் விடவில்லை. லிஃப்டில் ஏறமாட்டாள். கேட்டால், "உடம்பு இளைக்கணும்" என்று கணவனிடமே சமாளிப்பாள்.

நிலவறை வாசலிலும் ஒரு சமாளிப்பு உண்டு. "கீழே ஆயிரம் வருஷத்து அமைதி இருக்குது. அதுல என் வாய் எதுக்கு? நீங்களே போய்ப் பாருங்க. சுவர் ஓவியத்துல ஒரு பிஷப் சிரிச்சுக்கிட்டே உங்களை வரவேற்பார்." ஆகா, என்ன நயம் என்று கூட்டம் மெச்சும். டிக்கெட் கிழிக்கும் அர்மான் அவர்களுடன் இறங்குவான். அவள் மேலேயே நின்று, கடைசித் தலை வெளியே வரும்வரை விரலைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த அக்டோபர் வியாழக்கிழமை அர்மான் பல் பிடுங்கப் போயிருந்தான். லியோனிலிருந்து வந்த முதியவர்கள் தாங்களாகவே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பசி வேகத்தில் உணவகத்துக்குக் கிளம்பினார்கள். படி இறங்க முடியாமல் மேலேயே தங்கிவிட்ட கிழவர் ஒருவர் மட்டும் கைத்தடியுடன் உட்கார்ந்திருந்தார்.

"என் வீட்டுக்காரி இன்னும் வரலையே?"

ஜிஸ்லேன் படி வாசலுக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்து விளக்குகள் அணைந்தன. கீழே கும்மென்று இருட்டு. "மேடம்!" என்று கூப்பிட்டாள். பதில் எதுவும் மேலே எட்டவில்லை. அர்மான் போனை எடுக்கவில்லை. தீயணைப்புக்காரர்களை அழைத்தாள், வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள்.

"நான் போறேன்," என்று கிழவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"ஐயா, வேணாம்! விழுந்தீங்கன்னா எலும்பு கூட மிஞ்சாது."

"பின்ன யார் போவா? நீங்க போவீங்களா?"

அவள் போனாள். போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாகக் குனிந்து இறங்கினாள். கல்வளைவு தலைக்கு மேல் அமுக்குவது போலிருந்தது. மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. முதுகில் வியர்வை.

"மேடம், எங்க இருக்கீங்க?"

"இங்கதான். கத்தாதீங்க, காது அடைக்குது."

சுவரோரம் கிழவரின் மனைவி கொலோம்ப் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பிசகியிருந்தது. அவளைத் தூக்க ஜிஸ்லேன் கைகொடுத்தாள். அந்தக் கை வெடவெடவென்று ஆடியது.

"ஏம்மா, நீங்க என்னைத் தூக்க வந்தீங்களா, நான் உங்களைத் தூக்கணுமா?"

வெளிச்சம் சுவரில் பட்டது. செங்காவி நிறத்தில் பிஷப் நின்றார். இத்தனை வருடம் வாயால் வரைந்த அந்த முகத்தை ஜிஸ்லேன் இப்போதுதான் நேரில் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. யாரையோ கூப்பிட வாயெடுத்தவர் போலிருந்தார். தனக்கு முன்னிருந்த வழிகாட்டி சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தானும் சிரிக்கிறார் என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

அம்மாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். நிலவறையின் நடைபாதை வட்டமானது. படி வரவேண்டிய இடத்தில் மறுபடியும் அதே பிஷப் வந்தார். "கதவு... கதவைச் சாத்திட்டாங்க," என்று ஜிஸ்லேனின் வாய் தானாக உளறியது.

"யாரும் சாத்தல. சும்மா இருங்க, கேளுங்க," என்றாள் கொலோம்ப் அம்மாள்.

தூரத்தில் டொக், டொக்.

"எங்க கிழம்தான். பொறுமை போச்சுன்னா தடியால தரையை அடிக்கும். நாப்பது வருஷமா என் உயிரை வாங்கின சத்தம். அந்தப் பக்கம் போங்க."

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். படி வந்தது. மேலே வந்ததும் கிழவர் மனைவியைக் கட்டிக்கொண்டு, "அறிவிருக்கா உனக்கு?" என்று திட்டினார். ஜிஸ்லேன் தோட்டத்து மரத்தடிக்கு ஓடி வாந்தியெடுத்தாள். தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்து நின்றது.

மாலையில் கன்னம் வீங்கி வந்த அர்மானிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பயமா? அடிப்பாவி! இவ்வளவு நாளும் உன்னைச் சோம்பேறின்னுல்ல நெனச்சேன். ஊர் பூரா வேற சொல்லி வச்சிருக்கேன்!"

"சொல்லி வச்சதே இருக்கட்டும். பயந்தாங்கொள்ளிங்கறதுக்குச் சோம்பேறியே தேவலை."

கணவனிடமும் அன்றே சொன்னாள். அவர் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவு சாத்திவிடாமல் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்தார்.

குளிர்காலத்தில், சுற்றுலாக் கூட்டம் இல்லாத ஒரு நாள், எல்லா விளக்கும் எரிய, அர்மானின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். முதல் தூண் வரை போனாள். அடுத்த தூணை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, விறுவிறுவென்று ஏறி வந்துவிட்டாள்.