ஈசானிய மூலையில் ஒரு செங்கல்

மயிலாப்பூரிலேயே ஃபிளாட் வாங்கலாம் என்றார் என் கணவர். காலடி மண்கூட நமக்குச் சொந்தமில்லாத வீடு ஒரு வீடா என்று நான்தான் அடம்பிடித்து, நங்கநல்லூர் தாண்டி ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்க வைத்தேன்.

ஆடி பிறக்க நான்கே நாள் இருந்தது. "பத்திரம் அடுத்த வாரம் முடிச்சுக்கலாம்மா, பூமி பூஜைய இப்பவே போட்டுடுங்க" என்றார் தரகர். வில்லங்கம் பார்க்கத் தோன்றவில்லை. நல்ல நாள் போய்விடுமே என்றுதான் பதறினேன்.

பூஜையன்று கூலியாள் ஈசானிய மூலையில் தோண்டினார். ஒரு முழம்கூட இறங்கவில்லை, கடப்பாரை எதிலோ இடித்தது. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த செங்கல்! மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். "மாமி, இங்க யாரோ ஏற்கெனவே பூஜை பண்ணியிருக்கா."

"அது இன்னாமோ பழசு. தூக்கிப் போட்டுட்டுத் தோண்டுப்பா" என்றார் தரகர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

கூலியாள் அதைப் பெயர்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "சார், கீழ இன்னொண்ணு கீது."

என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். முன்பணம் போனது போனதுதான்.

இப்போது ஃபிளாட்டில் இருக்கிறோம். எதற்கும் வில்லங்கம் பார்த்த பிறகுதான் நாள் பார்க்கிறேன்.

ஆவணியில் அந்தப் பக்கம் போனபோது அதே மூலையில் புதுமண் மூடியிருந்தது. மேலே குங்குமம். அதை வைத்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் செங்கல்லுக்குக் கீழே இன்னும் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள்.