குப்புறக் கிடந்த கல்

என் வீட்டுக்காரரைச் சம்மட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி. சுவர் இடிக்கிறதுதான் தொழில். பெரிய சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு மூன்று போடு போட்டால் எப்பேர்ப்பட்ட சுவரும் வாயைப் பிளக்கும். அதே கைதான் வீட்டிலும். கோபம் வந்தால் கதவு மிஞ்சாது. எங்கள் குளியலறைக் கதவை எத்தனை தடவை மாற்றினோம் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. சில கதவுகள் என் கணக்கு.

அரசாங்கம் கட்டிய புது ஆஸ்பத்திரியில் அவருக்கு வருஷக்கணக்கில் வேலை இருந்தது. திறக்காத ஆஸ்பத்திரியில் இடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இல்லாதது எது? ஜன்னல் சின்னதாகிவிட்டது, இடி. படிக்கட்டு தப்பான பக்கம் வந்துவிட்டது, இடி. பிளான் மாறிவிட்டது, ஒரு மாடியையே இடி. கட்டினால் ஒரு பில், இடித்தால் ஒரு பில், மண்ணை அள்ளினால் ஒரு பில், திரும்பக் கட்டினால் இன்னொரு பில். முதலில் சொன்ன தொகை மூன்று மடங்காகியும் கட்டிடம் அரையும் குறையுமாகத்தான் நின்றது. "நான் கட்டையில போறவரைக்கும் இங்க வேலை இருக்குடி" என்று இவர் சிரிப்பார். நானும் சிரித்தேன். வயிறு நிறைந்திருந்தால் எதற்கும் சிரிப்பு வரும்.

எதை இடிப்பது என்று இன்ஜினியர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். எழுதியும் தர மாட்டார். கையில் சிவப்பு பெயின்ட் டப்பாவோடு வருவார். சுவரில் பெரிதாகப் பெருக்கல் குறி போடுவார். அடியில் பொடி எழுத்தில் தன் கையெழுத்தைக் கிறுக்குவார். கையெழுத்து இல்லாவிட்டால் கண்டவனும் குறி போட்டு இடிக்கச் சொல்வானாம். அவ்வளவுதான் உத்தரவு. சாயங்காலத்துக்குள் குறியும் இருக்காது, சுவரும் இருக்காது.

என் கொழுந்தனும் அங்கேதான் அண்ணனோடு சம்மட்டி பிடித்தான். மாமியார் போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு போட்டதும் முதுகில் போட்டதும் நான்தான். வளர்ந்து ஆளாகியும் வாய் மட்டும் அடங்கவில்லை. இவர் எங்கள் கதவை உடைத்து வைத்திருந்த ஒரு நாள், "அண்ணி, அண்ணன் நெத்தியில ஒரு சிவப்புக் குறி போட்டுடட்டுமா? நாளைக்கே இடிச்சுத் தள்ளிடலாம்" என்றான். இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் அண்ணன் அதே இடத்தில் மேஸ்திரி. அவன் கட்டுவான், இவர் இடிப்பார். ஆபரேஷன் தியேட்டர் சுவருக்கு அண்ணன் மாசக்கணக்கில் குனிந்து டைல்ஸ் ஒட்டினான். ஒரு கோடு பிசகவில்லை என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டான். அடுத்த வாரமே அந்தச் சுவரில் குறி விழுந்தது. இவர் அரை நாளில் தரைமட்டமாக்கினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அண்ணன், "கொஞ்சம்கூட கை கூசலையா மச்சான் உனக்கு?" என்று கேட்டான். "கூலிக்கு இடிக்கிறேன். உன்னை யாரு உசுரைக் குடுத்து ஒட்டச் சொன்னது?" என்றார் இவர். சோற்றுத் தட்டு பறந்தது. இவர் அவன் கழுத்தைப் பிடித்தார், அவன் இவர் பல்லை உடைத்தான். கரண்டியால் இரண்டு பேர் மண்டையிலும் போட்டுத்தான் பிரித்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

கல் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டிய அமைச்சர் அடுத்த தேர்தலில் தோற்றார். புதிதாக வந்தவர்களுக்கு வாசலில் அவர் பெயர் இருந்தது கண்ணை உறுத்தியது. நல்ல கறுப்புக் கல், ஆள் படுக்கலாம். அதை எடுத்துவிடச் சொன்னார்கள். இவருக்கு அதை உடைக்க மனசு வரவில்லை, ஏனென்றால் நான் துவைக்கக் கல் இல்லையென்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். முழுசாகப் பெயர்த்து லாரியில் ஏற்றி வந்து, எழுத்து கையைக் கிழிக்கும் என்று பின்பக்கம் குப்புறப் போட்டார். அதன்மேல் எத்தனையோ வருஷம் துவைத்தேன். அடியில் ஓர் அமைச்சர் இருக்கிறார் என்பதே மறந்துபோனது.

பிறகு அந்த நாள் வந்தது. மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று அவசரம். கீழ்த்தளத்தில் ஒரு சுவரில் குறி. அந்தச் சுவர்தான் மேலே புதிதாகப் போட்ட தளத்தைத் தாங்கி நின்றது. குறி போட்டவருக்கு அது தெரியாதா, தெரிந்தும் போட்டாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொழுந்தன் சம்மட்டியை ஓங்கினான். தளம் மொத்தமும் அவன்மேல் இறங்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று இவர் பிறகு சொன்னார். உயிர் இருந்தது. "அண்ணே, காலு எங்கண்ணே" என்று கேட்டிருக்கிறான்.

அவனை வெளியே இழுத்த இடத்துக்கு நேர் எதிரே "அவசர சிகிச்சைப் பிரிவு" என்று பலகை மாட்டியிருந்தது. பலகை மட்டும்தான். உள்ளே டாக்டர் இல்லை, கட்டில் இல்லை, குழாயில் தண்ணீர்கூட இல்லை. சேதி கேட்டு நானும் ஓடி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குள்ளே அடிபட்டவனை மணல் லாரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி தேடி ஓடினோம். அடுத்த ஊர் போகும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட் திறந்தபோது அவன் இல்லை. என் மடியில்தான் தலை இருந்தது. புடவை முழுக்க ஊறி, காய்ந்து, விறைத்துப்போனது. அந்தப் புடவையை நான் துவைக்கவே இல்லை. எரித்துவிட்டேன்.

பேப்பரில் வேறு மாதிரி வந்தது. குடித்துவிட்டு, உத்தரவில்லாமல், தானாகப் போய் இடித்தானாம். அவன் பீடிகூடத் தொடாதவன். அந்தச் சமயம் பழைய அமைச்சர் மறுபடி ஜெயித்து வந்திருந்தார். செலவு எப்படி இவ்வளவு ஏறியது, யார் பொறுப்பு என்று விசாரணை வைத்தார். இன்ஜினியரும் காண்ட்ராக்டரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நாங்கள் இடிக்கச் சொல்லவே இல்லை, கூலிக்காரர்கள் இஷ்டத்துக்கு இடித்ததால்தான் செலவு ஏறியது, செத்தவனும் அப்படித்தான் செத்தான். போன பணம் போகட்டும், அது என் வீட்டுப் பணமா? ஆனால் செத்தவன் தலையில் அதைக் கட்டுவார்களா? எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் குறி பார்த்துத்தான் இடித்தான் என்று யாராவது ஒருத்தர் எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும்.

"நான் சொல்றேன். குறி போட்டது அந்த இன்ஜினியர்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்" என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காதில் விழ வேண்டியவர்கள் காதில் விழுந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் நல்ல வெயிலில், நான் பின்பக்கம் போர்வை துவைத்துக்கொண்டிருந்தேன். இவர் கிணற்றடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டிருந்தார். காண்ட்ராக்டரின் ஆட்கள் சுவரேறிக் குதித்தார்கள். கண்ணில் சோப்போடு இவர் என்ன செய்வார்? இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஒருத்தன் இரும்புக் குழாயால் வலது கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஈரப் போர்வையை முறுக்கி வீசினேன். முறுக்கிய ஈரப் போர்வை சாதாரணமான சாமான் இல்லை. குழாய்க்காரன் மூக்கிலேயே பட்டது, ரத்தம் கொட்டியது. இன்னொருத்தன் என் முடியைப் பிடித்தான். அவன் காதைக் கவ்விக் கடித்தேன். அது இப்போது பாதிதான் இருக்கிறது, கடைத்தெருவில் பார்க்கிறேன். என்னைச் சுவரில் மோதினார்கள். இரண்டு விலா எலும்பு விரிசல் விட்டது.

அதில் தடியாக ஒருத்தன், "இவன் இன்னொரு கையையும் நசுக்குங்கடா" என்று சொல்லிக்கொண்டே துவைக்கிற கல்லுக்குப் போனான். அதைத் தூக்கி இவர் கைமேல் போடுவதாக யோசனை. ஒரு பக்கம் தூக்கி நிறுத்திவிட்டு, பிடித்து இழுக்க மறுபக்கம் வந்தான். என் சோப்புத் தண்ணீர் சும்மா இருக்குமா? கை வழுக்கியது. கல் மறுபக்கமாகச் சாய்ந்து அவன் பாதத்திலேயே இறங்கியது. அவன் போட்ட கூச்சலில் தெரு திரண்டது. மற்றவர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

கல் மல்லாந்து கிடந்தது. மண்ணும் புழுவும் அப்பியிருந்தது. அவன் ரத்தத்தைக் கழுவத்தான் வாளித் தண்ணீரை ஊற்றினேன். மண் கரைந்து அமைச்சர் பெயர் வந்தது. அந்தப் பெயருக்குக் குறுக்கே, நேற்றுப் போட்ட மாதிரி, சிவப்புப் பெருக்கல் குறி. அடியில் இன்ஜினியரின் பொடிக் கையெழுத்து.

"ஏங்க" என்றேன். தரையில் கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முறிந்த கையோடு அப்படியே அழுதார். கதவு உடைக்கிற மனுஷன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சத்தம் கேட்டு என் அண்ணன் வந்து நின்றான். இவர் கையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். போய்த் தள்ளுவண்டி கொண்டுவந்தான்.

மறுநாள் விசாரணைக் கூடம் நிறைந்து வழிந்தது. ஓய்வுபெற்ற ஜட்ஜ் மேடையில் இருந்தார். அமைச்சர் முன்வரிசையில், கேமராக்கள் அவர் முகத்தில். இன்ஜினியர் எழுந்து, "சிவப்புக் குறின்னு ஒரு வழக்கமே கிடையாதுங்கய்யா. இவங்க கட்டிவிட்ட கதை" என்றார். சட்டை மடிப்புக் கலையாமல் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு நின்ற இவர் திரும்பி என் அண்ணனைப் பார்த்து, "மச்சான், கொண்டா" என்றார்.

அண்ணனும் இன்னும் நாலு பேரும் சாக்கில் சுற்றிய கல்லைத் தூக்கி வந்து மேஜைமேல் போட்டார்கள். மேஜைக் கால் ஒடிந்தது. கல் தரையில் இறங்கி, எழுத்து தெரிய, அமைச்சர் காலடிக்கு முன்னால் போய் நின்றது.

அமைச்சர் குனிந்து தன் பெயரைப் படித்தார். முகம் கறுத்தது. எத்தனை கோடி போனது என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர், துள்ளி எழுந்தார்.

"எவன்யா என் பேர் மேல கோடு போட்டது? இது யார் கையெழுத்து?"

இன்ஜினியர் கையைக் கூப்பிக்கொண்டு அமைச்சர் முன்னால் ஓடிவந்தார். "சார், நானா போடலை சார். எடுக்கச் சொன்னாங்க, போட்டேன். எந்தச் சுவத்துலயும் நானா போட்டதில்ல சார். காண்ட்ராக்டர் காட்டின இடத்துலதான் குறி போடுவேன்."

"கடைசியா அந்தக் கீழ்த்தளச் சுவர்லயும் போட்டீங்களா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"போட்டேங்கய்யா."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. இவருக்குப் போதவில்லை. நல்ல கை ஒன்று மிச்சமிருந்ததே. இடது கையால் விட்ட குத்தில் இன்ஜினியர் இரண்டு நாற்காலியைத் தாண்டி விழுந்தார். மேலே ஏறி உட்கார்ந்து, "காலு எங்கன்னு கேட்டான்டா, காலு எங்கன்னு கேட்டான்டா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். போலீஸ்காரர்கள் லத்தியால் முதுகைப் பிளந்துதான் பிரித்தார்கள். நான் தடுக்கப் போகவில்லை. இன்னும் நாலு போடட்டும் என்று நின்றேன்.

இன்ஜினியரை அடுத்த நாளே சஸ்பெண்ட் செய்தார்கள். ஆள் செத்ததற்காக இல்லை, கோடிகள் போனதற்காகவும் இல்லை. அமைச்சர் பெயரை அவமதித்ததற்காக. காண்ட்ராக்டர் வேறு ஊரில் பாலம் கட்டுகிறார். ஆஸ்பத்திரி இன்னும் திறக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி விஷயத்தில் ஜெயிலுக்குப் போன ஒரே ஆள் என் வீட்டுக்காரர், அரசு ஊழியரை அடித்த குற்றத்துக்காக. அவர் வரும்வரை என் அண்ணன்தான் எங்கள் அடுப்பு எரியப் பார்த்துக்கொண்டான்.

விசாரணை அறிக்கை வந்தது. செலவுக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் வளவளவென்று எழுதி ஒருத்தரையும் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில், இறந்தவர் குறியைப் பார்த்தே வேலை செய்தார், அவர்மீது தவறில்லை என்று இருந்தது. ஜெயிலுக்குப் போய் இவரிடம் அதை வாசித்துக் காட்டினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன்.

கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜெயிலிலிருந்து வந்த அன்றைக்கே இவர் சம்மட்டியை எடுத்துக்கொண்டு அதன் எதிரில் போய் நின்றார். முறிந்த கை சரியாகக் கூடவில்லை, தோளுக்கு மேலே ஏறவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு, சம்மட்டியை மண்ணில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தார். அண்ணன் அதை எடுத்து ஓங்கினான்.

"வேணாம்ணே, இருக்கட்டும்" என்றேன். "எனக்குத் துவைக்கக் கல் வேணும்."

இந்தத் தடவை எழுத்து மேலே தெரியும்படி போடச் சொன்னேன். துணி சீக்கிரம் கிழிகிறது. கிழிந்தால் கிழியட்டும். தினமும் காலையில் இவருடைய லுங்கியை அந்தப் பெயர்மேல்தான் அடிக்கிறேன்.