இடிக்கு முன்னால் பிடுங்கும் பிளக்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மத்தியானச் சோறு செரிப்பதற்குள் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். வெயில் மஞ்சளாகி, போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் சுவரில் ஒட்டி நிற்கும். தூரத்தில் யாரோ கனத்த மரப்பெட்டியை இழுத்து நகர்த்துவதுபோல் முதல் உறுமல் கேட்கும். உடனே எங்கள் ஸ்ரீவராகம் பகுதியில் எல்லா வீடுகளிலும் ஒரே காரியம் நடக்கும். பிளக்குகளைப் பிடுங்குவார்கள்.

திருவனந்தபுரத்து இடி அப்படி. ஒரு மின்னலுக்கு டிவி போகும், அடுத்ததற்கு மோடம் போகும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அப்பாவுடையது. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எதையும் வரிசை மாறாமல் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "மக்கா, இடி வருது" என்று எனக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தொடங்குவார். முதலில் டிவி, பிறகு மோடம், பிறகு கம்ப்யூட்டர், கடைசியில் பிரிட்ஜ். பிரிட்ஜ் நின்றதும் வீட்டுக்குள் ஓர் அமைதி இறங்கும். அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அந்த அமைதியில் சும்மா உட்கார்ந்திருப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். வீடு கட்டவிழ்ந்து மெல்ல மிதப்பதுபோல் இருக்கும்.

நான் சொல்லவந்த வருஷம், சித்திரையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை துவண்டது. அதுகூடப் பரவாயில்லை, பேச்சு போய்விட்டது. என் அம்மாவுக்குப் போய் பேச்சு போவதா! காய்கறிக்காரரிடம் மலையாளத்திலும் அப்பாவிடம் நாஞ்சில் தமிழிலும் ஒரே மூச்சில் சண்டை போடக்கூடியவள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று என்னைத் திட்டித் திட்டியே பேசக் கற்றுக்கொடுத்தவள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"பின்னே."

இந்த ஊர்த் தமிழர்கள் மலையாளத்திலிருந்து எடுத்து, பேச்சின் தலையிலும் வாலிலும் செருகிக்கொள்கிற வார்த்தை அது. 'அப்புறம்' என்றும் அர்த்தம், 'அல்லாமல் வேறென்ன' என்றும் அர்த்தம். பசித்தாலும் பின்னே, கோபம் வந்தாலும் பின்னே. ராகத்தை வைத்து நாங்கள் புரிந்துகொண்டோம். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது, வார்த்தை வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மையார். "இந்த மாசங்கள்தான் முக்கியம். தினமும் பேச வையுங்கோ. விட்டுட்டா அப்புறம் கஷ்டம்" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவே இல்லை. பஸ்ஸிலும் கூடவே வந்தது.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இணையதளங்களின் சர்வருக்கு நிரல் எழுதுகிறேன். அம்மாவுக்காக ஓர் இணையப் பக்கம் எழுதினேன். பெரிதாக ஒரு படம் வரும். என் குரல் அதன் பெயரைச் சொல்லும். அம்மா சொல்லிப் பார்க்க வேண்டும். வந்துவிட்டது என்று அவளுக்கே தோன்றினால் இடது கையால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், அடுத்த படம் வரும். முதல் படம் குடை.

கடவுச்சொல் வைக்க முடியாது. எழுத்துகள் அவளுக்குக் கலங்கித் தெரிந்தன. அதனால் குக்கியை நம்பினேன். சர்வருக்கு முகம் நினைவிருக்காது. யார் வந்தாலும் அதற்குப் புது ஆள்தான். கிழக்கேகோட்டையில் கோயிலுக்குப் போகும்போது செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்களே, அதுபோல சர்வர் ஒரு டோக்கன் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த தடவை நீட்டும். ஓ, நீயா, நேற்று இந்தப் படத்தில் விட்டாய் என்று சர்வர் எடுத்துத் தரும். அந்த டோக்கன்தான் குக்கி.

ஆவணி, புரட்டாசி முழுக்க அம்மா முன்னேறினாள். குடை, பசு, தேங்காய் என்று ஒவ்வொன்றாக வந்தன. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும் வந்தது. கம்ப்யூட்டரை நாங்கள் அணைப்பதே இல்லை, திரையை மட்டும் இருட்டாக்கிவிடுவோம். பிறகு ஐப்பசி பிறந்தது.

நான் காலையில் அலுவலகம் போய்விடுவேன்; பக்கத்தில் உட்காருவது அப்பாதான். இப்போதெல்லாம் மறுபடி குடையிலிருந்து தொடங்குகிறது என்று அவர் கவனித்திருக்கிறார். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. ஒரு கூட்டலை மேலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தால்தான் அது கூட்டல் என்கிற மனுஷர் அவர். "பழைய பாடத்த ஒருக்கா பாக்கது நல்லதுதானே?" என்றுதான் நினைத்தாராம்.

அம்மா அப்படி நினைக்கவில்லை. நேற்று சாவிப் படம்வரை வந்தது அவளுக்கு நினைவிருந்தது. இன்றைக்குக் குடை. அதற்கு மறுநாளும் குடை. நேற்று என்ற ஒன்று நடந்ததா, கனவு கண்டோமா என்று அவள் குழம்பியிருக்கிறாள். கேட்பதற்கு வார்த்தை இல்லை. நெற்றியைத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, "பின்னே" என்றாள், அத்தனை தாழ்ந்த குரலில். ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் பார்த்தது அதைத்தான். அன்று நாற்காலியைத் திருப்பச் சொல்லி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. தினமும் குடையிலிருந்துதான் தொடங்குகிறது என்று அப்பா அப்போதுதான் சொன்னார்.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா வரிசையாகப் பிளக்குகளைப் பிடுங்கினார். பிரிட்ஜ் ஓய்ந்தது. நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். வீடு மிதக்கத் தொடங்கியது. மழைக்கு முந்தின காற்றில் திரைச்சீலை உள்ளே வந்து வந்து போனது. கம்ப்யூட்டரின் கறுத்த திரையில் நாங்கள் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தோம். அரைத் தூக்கம் போன்ற அந்த நிலையில், பிரவுசர் செத்தால் அதன் கையில் இருக்கிற டோக்கன் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி தானாக வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

குக்கியை அனுப்பும்போது அதற்கு ஆயுள் இவ்வளவு என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் பிரவுசரை மூடுகிறவரைதான் அதற்கு உயிர். நான் அந்த வரியை எழுதவில்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் பேட்டரியின் தயவில் வருஷக்கணக்காக அணையாமல் கிடப்பவை. அங்கே சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் ஆனைக்குட்டிகூட இல்லை. தினமும் இடிக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குகிற ஊரில் இருந்துகொண்டு, பிளக்கைப் பிடுங்கினால் மறந்துபோகிற ஒன்றை எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் தொடங்கி இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். முதல் நாள் காலையில் அம்மாவின் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பினேன். முகத்தைச் சுளித்தாள். "நீ ஒண்ணும் பேசண்டாம், சும்மா பாரு" என்று நானே பாடம் படித்தேன். குடை என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன், பசு என்று சொல்லி அமுக்கினேன். தேங்காய் வந்தது. பிரவுசரை மூடித் திறந்தேன். குடை.

"பாத்தியா? இது என்னையும் மறந்துட்டுது. நீ மறக்கல்லம்மா. நான் எழுதினதுதான் மறந்துச்சு."

அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையால் என் தலையில் நன்றாகவே ஒரு குட்டு வைத்து, "பின்னே!" என்றாள். சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. நானும் அழுதேன்.

ஆயுளைச் சொல்லும் வரியைச் சேர்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. டோக்கன்தான் தொலைந்ததே தவிர, செருப்பு தொலையவில்லை. அவள் எட்டிய இடமெல்லாம் சர்வரில் பத்திரமாக இருந்தது, கேட்டு வர ஆளில்லாமல். அதைத் தேடி அவளிடம் சேர்த்தேன். திரையில் சாவி வந்து நின்றது.

அன்று மத்தியானமும் இடி உறுமியது. அப்பா டிவியையும் மோடத்தையும் பிடுங்கினார். கம்ப்யூட்டர் பக்கம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது கெடக்கட்டும் மக்கா. நான் பிடுங்கித்தானே இவளுக்கு இப்படி ஆச்சு."

"இனி மறக்காதுப்பா. தைரியமா பிடுங்குங்க."

"ஆமா, முன்னயும் இப்படித்தான் சொன்ன" என்றார்.

ஜன்னல் வெள்ளையாகி அணைந்தது. இடி தலைக்கு மேலே விழுந்ததுபோல் கேட்டது. விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அசையாமல் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். "பின்னே" என்று தொடங்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் ஒன்றைத் தேடித் தேடிக் கூடிப் பிரிந்தன.

"பிளக்கு!"

நான் வைத்த படங்களில் அது இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவளே போய் எடுத்து வந்த வார்த்தை. அப்பா குனிந்து பிடுங்கினார். பிரிட்ஜை மறந்தே போனார்.

மறுநாள் காலை மூன்று பேரும் திரையின் முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரை விழிக்க வைத்தோம். சாவி வந்தது. என் குரல் "சாவி" என்றது. அம்மா அதே சாவியை "தாக்கோல்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, சந்தேகமே இல்லாமல் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

அன்று இருட்டிக்கொண்டு வந்தபோது அப்பா எனக்குக் குரல் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து நின்றார். மின்னல் வந்தது, இடி வந்தது, அவர் நின்றார்.

"பிளக்கு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் பிடுங்கினார்.