குரோருட் காட்டுக்குள் ஒரு சோற்றுப்பானை

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தலை நிமிர்ந்து எழுத வசதியாக இருக்கும். பதினெட்டு வருடமாக ஒஸ்லோவின் குரோருட்டில் குடியிருக்கிறேன். என் மனைவியின் அண்ணன் கனடாவிலிருந்து வந்து, "உங்கட ஊரிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு, மச்சான்?" என்று கேட்டதும், அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனேன். அது எங்கள் ஊர் இல்லை. ஒஸ்லோகூட இல்லை. பெரிய கூரைக்குக் கீழே நிறையச் சப்பாத்துக் கடைகள், அவ்வளவுதான். மச்சான் நகரும் படியில் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, தீர்ப்புச் சொன்னார்:

"எங்கட ஸ்காபரோவிலை இதைவிடப் பெரிய இடத்திலை நாங்கள் கார் நிப்பாட்டுறனாங்கள்."

விருந்தாளிக்குக் காட்டுகிற இடம் வேறு, நமக்குப் பிடித்த இடம் வேறு என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மடமையைத் திருத்திய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குச் சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி, லிஃப்ட்டில் என்னைக் காணும்போதெல்லாம் "சார், சண்டே எல்லாம் மூடிடறாங்க, எங்கதான் சார் போறது?" என்று கேட்பார். தம்பி, இதோ போகிறோம், சப்பாத்தைப் போடும்.

2007 ஆகஸ்ட். மச்சான் சும்மா ஊர் பார்க்க வரவில்லை. கனடாவின் ஸ்காபரோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர் இரண்டாவது கடை திறக்கப்போகிறார். அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த ஆள் நானாம். விசா அலுவல், வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அவர் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை அவர் விமானம் ஏறுவதற்கு முன் நாங்கள் பதில் சொல்லவேண்டும்.

என் மனைவி சாந்தி முக்கால்வாசி ஓம். அங்கே அக்கா, தங்கை, கோயில், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கடைகள். இங்கே நான். தராசில் எந்தத் தட்டு தாழும் என்று சொல்லப் பெரிய படிப்புத் தேவையில்லை. எனக்கோ போக விருப்பமே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் இப்போதுதான் எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையின் சட்டதிட்டங்கள் விளங்கத் தொடங்கியிருக்கின்றன. இன்னொரு நாட்டில் போய் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்க என்னால் ஏலாது. அதுவும் மச்சானுக்குக் கீழே.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாந்தி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு ஒரு நாள் தாறன். இந்த ஊரிலை இருக்கிறதுக்கு என்ன காரணம் கிடக்கெண்டு அண்ணாவுக்குக் காட்டுங்கோ. எனக்கும் காட்டுங்கோ. திரும்பவும் ஸ்ட்ரோம்மனுக்குக் கொண்டுபோனா, நான் திங்கக்கிழமை விடியவே ஓமெண்டு சொல்லிப்போடுவன்."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். நோர்வேஜியர்கள் காட்டுக்குள் நடக்கப் போவதை டூர் என்பார்கள். அதற்கு அவர்கள் முதுகில் ஒரு சின்னப் பை, அதற்குள் இரண்டு துண்டு பாண், ஒரு தோடம்பழம், அவ்வளவோடு போவார்கள். சாந்தி விடியற்காலை எழும்பிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கோழிக்கறி எல்லாம் சமைத்துவிட்டாள். கறிகள் பெட்டிகளுக்குள் போயின. சோறு கலியாணவீட்டுக்கு எடுக்கிற அலுமினியப் பானையோடே வந்தது. பானையின் ஒரு காதை நான் பிடிக்க, மறு காதை மச்சான் பிடித்தார். பதினைந்து வயது மகள் மீனா வாசலில் நின்று பார்த்தாள்.

"அப்பா, டூருக்குப் பானையோ? ஃப்ளௌட்!"

ஃப்ளௌட் என்றால் மானம் போகிறது என்று பொருள். என் மகள் என்னைப் பற்றி அதிகம் பாவிக்கும் நோர்வேஜியச் சொல் அதுதான்.

முதல் இடம், சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் நாலு பேர் இருக்கக்கூடிய மர வாங்கில். நகர மையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம். சாதாரண நாட்களில் அந்த வாங்கில்தான் குரோருட்டின் தமிழ்ச் செய்தி நிலையம். யார் வீடு வாங்கினார், யார் வாங்கினதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், யாருடைய மகன் தலைமயிருக்குப் பச்சைச் சாயம் அடித்தான், எல்லாம் அங்கே கிடைக்கும். குரோருட் சரியில்லை என்று திராமனுக்குக் குடிபோன ஒருவர், சனிக்கிழமை தவறாமல் அங்கிருந்து வந்து இதில் குந்தியிருந்துவிட்டுப் போகிறார். மச்சானிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையானபடியால் வாங்கிலில் ஒரு புறாதான் இருந்தது.

"வாங்கில்தானே மச்சான்," என்றார். "எங்கட பக்கமும் விக்கிறவை."

இரண்டாவது, மேட்டில் நிற்கும் கல் தேவாலயம். இந்த ஊர் மலையை உடைத்த கிரானைட்டால் கட்டினது. அதன் மதிலோரம் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எங்கள் கட்டடம் எதுவென்று கண்டுபிடிப்பது எனக்கு வலு விருப்பமான விளையாட்டு, ஏனென்றால் எல்லாம் ஒரேமாதிரி இருக்கும். மச்சான் பானையைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். பார்க்கவில்லை.

அங்கிருந்து காட்டுப் பாதை தொடங்குகிறது. நிலையத்திலிருந்து குளத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். முக்கால்வாசி ஏற்றம். மச்சானுக்கு நடக்க மூச்சு இல்லாவிட்டாலும் கதைக்க இருந்தது. கதை முழுக்க ஸ்காபரோவில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியது. அவன் புது வேலி அடைக்கும்போது அரையடி இவருடைய காணிக்குள் தள்ளிவிட்டானாம். மச்சான் லோயர் வைத்திருக்கிறாராம். விமான நிலையத்தில் இறங்கிய நேரத்திலிருந்து அந்த அரையடி எங்களோடுதான் பயணம் செய்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு விசேஷம் சொல்லவேண்டும். ரயிலில் பக்கத்தில் இருக்கும் நோர்வேஜியர் உங்களைப் பார்த்தால், பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல யன்னல் பக்கம் திரும்பிவிடுவார். அதே மனிதர் காட்டுக்குள் எதிர்ப்பட்டால் வாய் நிறைய "ஹெய் ஹெய்" சொல்லுவார். மச்சானுக்கு இது தெரியாது. முதல் ஆள் சொன்னதும் பின்னால் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது ஆளுக்கு, "உமக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்று என்னைக் கேட்டார். ஐந்தாவது ஆளுக்கு அவரே முந்திக்கொண்டார். அதற்குப் பிறகு மலையில் ஒரு நாய்கூட அவருடைய ஹெய் ஹெய்யிலிருந்து தப்பவில்லை.

ஸ்டைன்ப்ருவான் குளம் மூன்றாவது இடம். முன்பு கல்லுடைத்த பகுதி. சுற்றிவர ஊசியிலை மரம், நடுவில் கறுப்புத் தண்ணீர். கரையில் பானையைத் திறந்தோம். கோழிக்கறி வாசம் போன தூரத்துக்கு எல்லாரும் தங்கள் பாணைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். மீனா இரண்டு பாறை தள்ளிப் போய் வேறு குடும்பத்துப் பிள்ளைபோல இருந்தாள். கோழிக்கால் பரிமாறும்போது மட்டும் எங்கள் குடும்பத்துக்குத் திரும்பினாள். பானை காலியானது. மச்சான் குளத்தைப் பார்த்து, "கனடாவிலை குளத்தின்ரை அக்கரை தெரியாது," என்றார்.

நான்காவது, இன்னும் ஒரு மணித்தியாலம் உள்ளே நடந்தால் வரும் மரவீடு. ஞாயிறுகளில் கோப்பியும், இதய வடிவ வாஃபிளும், அதற்குமேல் இனிக்கும் பழுப்புச் சீஸும் தருவார்கள். விலை முப்பது குரோனர். மச்சான் சீஸை ஒரு கடி கடித்துவிட்டு, "இது சவர்க்காரமோ, சாப்பாடோ?" என்று கேட்டார். சாந்தி சிரித்தாள். சிரித்தது அண்ணனுடைய பகிடிக்கு, என் ஊருக்கு இல்லை. நேரம் இரண்டரை. நான் நாலு இடம் காட்டிவிட்டேன், நாலும் போச்சு. ஸ்காபரோவின் குளிர் இப்போதே முழங்காலில் ஏறினதுபோல இருந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சாந்திக்குக்கூடச் சொல்லாத இடம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆகஸ்ட் கடைசியில், கட்டடத்துக்காரர் எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டிச் சுத்தம்செய்யும் நாளில், விளக்குமாற்றுக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினபோது அகப்பட்டது. திரும்பும் வழியில் பாதையை விட்டு விலக்கி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு மச்சான் புறுபுறுத்தபடி வந்தார்.

சரிவில் ஏறி நின்றதும் புறுபுறுப்பு நின்றது. முழங்கால் உயரத்துக்குப் புளூபெரிச் செடி. கண்ணுக்கு எட்டின மட்டும் நீலம்.

மச்சான் குனிந்தார், கை நீட்டினார், சட்டென்று நிமிர்ந்தார். "ஆரின்ரை காணி?"

"அரசாங்கமோ, ஆரோ. அது முக்கியமில்லை மச்சான். ஆரும் வரலாம், ஆரும் புடுங்கலாம்."

"வேலி எங்கை?"

"வேலி இல்லை."

"பொய் சொல்லாதையும். எல்லை எங்கை முடியுது?"

"முடியேல்லை."

அரையடிக்கு லோயர் வைத்த மனிதர் அந்தச் சரிவின் மேலும் கீழும் பார்த்தார். எங்கேயாவது ஒரு வேலிக் கதியால், ஒரு கம்பி, ஒரு கோபக்காரக் கிழவன் என்று தேடினார். ஒன்றும் இல்லை. பிறகு புதுக் காற்சட்டையோடு அப்படியே நிலத்தில் இருந்தார். இரண்டு கையாலும் பிடுங்கத் தொடங்கினார். "கடவுளே," என்று ஒருமுறை சொன்னது கேட்டது. பானை தன் பிறவிப்பயனை அப்போதுதான் கண்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு நோர்வேஜிய அம்மா, பெரிய வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வந்தார். ஹெய் ஹெய் முடிந்ததும் எங்கள் பானையைப் பார்த்தார். முகம் வாடிப்போனது. "இந்த வருடம் இங்கே ஒன்றும் சரியில்லை, அடுத்த மலைக்குப் போனால் நிறைய இருக்கிறதாம்," என்று மிகவும் அக்கறையாகச் சொன்னார். அவருடைய வாளி விளிம்பு முட்ட நிறைந்திருந்தது.

அவர் போனதும் நான் அதைத் தமிழில் சொல்ல, மச்சான் எழும்பப் பார்த்தார். மீனா தோளைப் பிடித்து இருத்தினாள்.

"மாமா, அவ பொய் சொல்லுறா. எல்லா நொர்ஷ்க் ஆக்களும் இப்பிடித்தான். பெரி கிடக்கிற இடத்தைச் செத்தாலும் சொல்ல மாட்டினம். அங்கை போகச் சொன்னா, இஞ்சைதான் கிடக்கு."

ஆம், வாசகர்களே. வீடு பூட்டுகிற திறப்பைக்கூட நம்பித் தருகிற மக்கள், பெரி பிடுங்கும் இடத்தைப் பற்றி மட்டும் கண்ணிமைக்காமல் பொய் சொல்லுவார்கள். அது இங்கே குற்றம் இல்லை, பண்பாடு.

பானை முக்கால்வாசி நிறைந்த நேரத்தில் கீழே பாதையிலிருந்து ஓர் இளம் சோடி ஏறி வந்தது. கையில் வெறும் பெட்டிகள். அவர்களுக்குக் கிட்ட நின்றவள் சாந்தி. ஏதாவது கிடைத்ததா என்று அந்தப் பெண் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி, பொய் சொன்னால் காது சிவக்கிறவள், மூடியை எடுத்துப் பானையை மூடினாள், தன் சால்வையை அதற்குமேல் போட்டாள், பிறகு குழந்தைகள் காப்பகத்தில் பதினொரு வருடம் வேலை செய்து பழகின அழகான நோர்வேஜிய மொழியில் சொன்னாள்:

"இல்லையே. இந்த வருடம் ஒன்றும் இல்லை. அடுத்த மலையில் பாருங்கள்."

உதடு ஊதா. பல்லும் ஊதா. அந்தச் சோடி நன்றி சொல்லிவிட்டுப் போனது.

மீனா தமிழில் சொல்ல, மச்சான் பெரிதாகச் சிரித்தார். "விடு பிள்ளை, நான் கனடாவுக்குப் போய் எல்லாருக்கும் சொல்லப்போறன், ஒஸ்லோவுக்கு வரேக்கை இஞ்சை ஒருக்கா வரச்சொல்லி."

"அண்ணா, வாயைத் திறக்கக்கூடாது," என்றாள் சாந்தி. முகத்தில் சிரிப்பே இல்லை. "இது எங்கட இடம்."

எங்கட இடம். நான் ஒரு செடிக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பெரியைப் பிடுங்கினேன். நாற்பத்தெட்டு வயது ஆண்மகன் துள்ளினால் மீனாவுக்கு ஃப்ளௌட். மனசுக்குள் துள்ளினேன்.

மச்சானுக்கும் விளங்கியது. சால்வையை இழுத்துப் பானையை இன்னும் நன்றாக மூடினார். பிறகு சொன்னார்: "ஓம் பிள்ளை. வேலி இல்லாத காணியை ஆர் விட்டிட்டு வருவினம்."

இறங்கும்போது பானையை அவர் தனியாகவே தூக்கினார், ஒரு பெரியும் சிந்தாமல். கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவருக்குப் பழக்கதோஷத்தில் ஹெய் ஹெய் சொன்னார். அந்த மனிதர் மூன்று அடி தள்ளி நின்றார். மச்சான் அதையும் ரசித்தார். திங்கட்கிழமை காலை, பெரி ஜாம் கொதித்துக்கொண்டிருக்க, சாந்தி அண்ணனிடம் கடைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு போத்தல் ஜாமோடு அவர் செவ்வாய்க்கிழமை சந்தோஷமாக விமானம் ஏறினார். அன்று இரவு நான் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ராஜநடை நடந்து போனேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஞாயிறு போங்கள், மரவீடு திறந்திருக்கும். நிலையத்தடியில் எல்லாக் கடையும் மூடியிருக்கும், தண்ணீரை வீட்டிலேயே நிரப்புங்கள். சாவகாசமாக நடந்து, சாப்பிட்டு, திரும்ப ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் முதற் பாதி நல்லது. வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். பழுப்புச் சீஸை முதலில் சின்னத் துண்டாகக் கடித்துப் பாருங்கள். நண்பர்கள் சிரித்தாலும் பானை கொண்டுபோங்கள்.

அந்தச் சரிவு எங்கே என்று ஐந்தாம் மாடித் தம்பி உட்பட ஒருவரும் கேட்கவேண்டாம். இந்த வருடம் அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த மலையில் பாருங்கள்.

ஊர் என்றால் ஆளுக்குக் காட்டுவதற்கு ஏதாவது உயரமாக நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளித்துவைக்க ஓர் இடம் இருந்தாலே போதும்போல. ஒரு மாநகரத்தையே எதிர்த்து நின்று எங்கள் குரோருட் வென்றது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

போன கிழமை மச்சான் தொலைபேசி எடுத்தார். குளம், காடு, மரவீடு, அன்று மீனா எடுத்த எல்லாப் படத்தையும் கழுவிக் கடையில் பெரிதாக மாட்டியிருக்கிறாராம். சாப்பிட வருகிற சனமெல்லாம் பார்த்துவிட்டு, சுவீடன் இவ்வளவு வடிவோ என்று கேட்கிறார்களாம். அவரும் கண்ணிமைக்காமல், ஓம், சுவீடன் வலு வடிவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.