பெரிய மாமாவுக்காகக் கழட்டிய முகமூடி

என் இடது கண் விளையாட்டில் போனது என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பொய். அது மரியாதையில் போனது.

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் மச்சினன் என்னைச் சரவணம்பட்டிக்கு அப்பால் சுற்றிலும் வலை கட்டிய ஒரு பெயிண்ட்பால் மைதானத்துக்கு அழைத்துப்போனான். துப்பாக்கியில் சாய உருண்டை போட்டு ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு. மாப்பிள்ளை சுடுவதைப் பார்க்கப் பின்னாலேயே இரண்டு காரில் குடும்பமும் வந்துவிட்டது.

மைதானத்துக்காரர் முகம் முழுக்க மூடும் முகமூடியை மாட்டிவிட்டார். கண்ணுக்கு நேரே தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி. "வலைக்குள்ள இருக்கறவரைக்கும் எதுக்காகவும் இதைக் கழட்டிராதீங்க. கண்ணு போயிருமுங்க" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பீளமேட்டில் இன்ஜினியரிங் முடித்த நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். வலைக்கு வெளியே என் மனைவியின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, வந்து நின்றார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, காப்பி வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் முகத்தை மூடிக்கொண்டு பேச மாட்டோம். ரோட்டில் ஒரு மாமா எதிர்ப்பட்டால் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்போம். என் கை தானாக முகமூடியை நெற்றிக்கு ஏற்றியது. "வேண்டாமுங்க மாமா, இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் தோளைக் குறிபார்த்து மச்சினன் சுட்ட உருண்டை கண்ணில் வந்து வெடித்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இரண்டு ஆபரேஷன் செய்தும் கிழிந்த விழித்திரை ஒட்டவில்லை. இனி அந்தக் கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் சொன்ன அன்று, பெரிய மாமா ஆப்பிள் பையோடு வந்தார். அறை நிறைய ஆட்கள்.

"படிச்சவரு நீங்க. அதைப் போயிக் கழட்டலாமுங்களா?"

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் கழட்டினேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "தப்புத்தானுங்க மாமா" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மிச்சமிருக்கும் வலது கண்ணுக்காக இப்போது எங்கே போனாலும் உடையாத கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன மாதம் உக்கடம் பக்கம் ஒரு கல்யாணம். மேளச் சத்தத்தில் பந்திக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோம். வீடு திரும்பியதும் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பெரியப்பா ரொம்பச் சங்கடப்பட்டுட்டாருங்க. பந்திக்குப் போறப்ப உங்களைக் கும்பிட்டுட்டு நின்னாராமா. நீங்க கண்டுக்காமப் போயிட்டீங்களாமா. மாப்பிள்ளைக்கு மரியாதையே தெரியலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லீட்டிருக்கறாரு."

"எந்தப் பக்கம் நின்னாரு?" என்று கேட்டேன்.

"இடது பக்கமுங்க" என்றாள்.